ஜேசன் ஒயிட்டும் ரெண்டு முழங்காலும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. காரணம் சோம்பேறித்தனம் இல்லை (சரி, அதுவும் தான்). இந்தத் தடவை உண்மையான காரணம் என் இடது முழங்கால்.

பார்க்கிங் லாட்ல டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஒரு சிங்கிளுக்கு ஓடினேன், பாதி வழியில எதிர்முனையில இருந்து "நோ, நோ, நோ"ன்னு குரல். திரும்பினேன். நான் திரும்பினேனே தவிர முழங்கால் திரும்பலை. உள்ளே 'டப்'புன்னு ஒரு சத்தம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துட்டு ஏ.சி.எல். போச்சுன்னாங்க. மூட்டுக்கு நடுவுல தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிச்சிருக்கிற ஜவ்வு அது. ஊர்ல அம்மாகிட்ட "லேசா சுளுக்கு"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். அம்மா இந்தப் பதிவெல்லாம் படிக்கறதில்லைங்கற தைரியம் தான்.

ஆபரேஷன் முடிஞ்சு முதல் நாள் ஃபிசியோவுக்குப் போனா அங்க ஒரு பெரியவர். சொந்த ஊர் ஒக்லஹோமா தான். நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கறதைப் பார்த்துட்டு, "ஒண்ணு தானே போயிருக்கு? இந்த ஊர்ல ரெண்டும் போன ஒருத்தருக்கு நாங்க சிலையே வெச்சிருக்கோம்"னார்.

யாருன்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். மதுரையில போய் "இந்த மீனாட்சி யாருங்க?"ன்னு கேட்டா எப்படிப் பார்ப்பாங்களோ, அப்படி.

"ஜேசன் ஒயிட்."

அன்னைக்கு ராத்திரியே படிக்க ஆரம்பிச்சேன். கால் நீட்டி உட்கார்ந்திருக்கறவனுக்கு வேற என்ன வேலை? படிக்கப் படிக்க எரிச்சல் தான் வந்தது. அந்த எரிச்சல் தான் இந்தப் பதிவு.

முதல்ல தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்கக் கால்பந்துல (காலுக்கும் பந்துக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி, ஆனா பேர் அது தான்) குவாட்டர்பேக்னு ஒருத்தர் இருப்பார். நடுவுல குனிஞ்சு நிக்கிறவர் பந்தைக் காலுக்கிடையில பின்னாடி தள்ளுவார், இவர் வாங்குவார். அதுக்கப்புறம் அவருக்கு இருக்கறது மூணு வினாடி. எதிர்ல ஆளாளுக்கு நூறு நூத்தி முப்பது கிலோவுல நாலஞ்சு பேர் இவரைக் கவுக்கறதுக்குன்னே ஓடி வருவாங்க. அதுக்குள்ள எவன் ஓடுறான், எவன் தனியா நிக்கிறான்னு பார்த்து எறியணும். பார்க்கறது கண்ணு, எறியறது கை. ஆனா எறியற விசை வர்றது ஊனி நிக்கிற காலில் இருந்து. முழங்கால் இல்லாத குவாட்டர்பேக், தோள் போன வேகப்பந்து வீச்சாளர் மாதிரி.

இந்த விளையாட்டு இங்கே காலேஜ் லெவல்ல எப்படி இருக்கும்னு நம்ம ஊர் ஆட்களுக்குப் புரிய வைக்கறது கஷ்டம். நம்ம காலேஜ்ல டோர்னமென்ட்னா கேலரியில பத்துப் பேர், அதுல ஆறு பேர் அடுத்த மேட்சுக்கு பேட் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். நார்மன்ல இருக்கிற எங்க யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 80,000 பேருக்கு மேல உட்காரலாம். சனிக்கிழமை ஆட்டம்னா நான் வெள்ளிக்கிழமையே மளிகை வாங்கி வெச்சுடுவேன். ரோட்டுல கார் நகராது.

அந்த ஸ்டேடியத்துக்கு எதிர்ல ஹைஸ்மேன் பார்க்குன்னு ஒரு இடம். வருஷா வருஷம் நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கற விருது ஹைஸ்மேன் கோப்பை. அதை வாங்கின ஒக்லஹோமாக்காரங்க ஏழு பேருக்கும் அங்க வெண்கலச் சிலை. பழைய மூணு பேரும் ஓட்டக்காரங்க: பில்லி வெசல்ஸ் (1952), ஸ்டீவ் ஓவன்ஸ் (1969), பில்லி சிம்ஸ் (1978). மீதி நாலு பேர் குவாட்டர்பேக்: ஜேசன் ஒயிட் (2003), சாம் பிராட்ஃபோர்ட் (2008), பேக்கர் மேஃபீல்ட் (2017), கைலர் முர்ரே (2018).

இந்த நாலுல மூணு பேர் என்.எஃப்.எல். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கற டிராஃப்ட்ல முதல் ஆளா எடுக்கப்பட்டவங்க. பிராட்ஃபோர்ட் 2010-ல, மேஃபீல்ட் 2018-ல, முர்ரே 2019-ல. நாட்டுலயே நம்பர் ஒண்ணு. நாலாவது ஆள் ஜேசன் ஒயிட்டை எத்தனையாவதா எடுத்தாங்க தெரியுமா?

எடுக்கவே இல்லை.

2005 டிராஃப்ட்ல மொத்தம் 255 பேரைக் கூப்பிட்டாங்க. அதுல அவர் பேர் இல்லை. அதனால இன்னைக்கும் இணையத்துல எவனாவது "ஏமாத்தின ஹைஸ்மேன் வீரர்கள்"னு பட்டியல் போட்டா இவர் பேர் தவறாம வந்துடும். புஸ்வாணம், தோல்வி, தப்பான ஆளுக்குக் கொடுத்த விருது... எனக்கு எரிச்சல் வந்த இடம் இது தான்.

கதையை முதல்ல இருந்து பார்ப்போம்.

ஒயிட் டட்டில்னு ஒரு சின்ன ஊர்க்காரர். நார்மன்ல இருந்து கார்ல ஒண்ணும் பெரிய தூரம் இல்லை. 1999-ல பாப் ஸ்டூப்ஸ் கோச்சா வந்த முதல் வருஷம், உள்ளூர்ப் பையனா அணிக்குள்ள வர்றார். அடுத்த வருஷமே ஒக்லஹோமா தேசிய சாம்பியன். ஆனா அப்போ குவாட்டர்பேக் ஜாஷ் ஹைப்பல். இவர் முறை வர்றது 2001-ல தான், அதுவும் நேட் ஹைபல்னு இன்னொருத்தரோட பங்கு போட்டுக்கிட்டு. அப்போ இவருக்கு ஓட்டம் தான் பலம். எறியவும் எறிவார், இடம் கிடைச்சா பந்தோட ஓடவும் ஓடுவார்.

2001 அக்டோபர் 27, நெப்ராஸ்காவோட ஆட்டம். இடது முழங்கால் ஏ.சி.எல். கிழிஞ்சது.

ஆபரேஷன், கட்டு, ஊன்றுகோல், மறுபடி நடக்கக் கத்துக்கறது எல்லாம் முடிச்சுட்டு 2002 சீசனுக்கு வந்து முதல் குவாட்டர்பேக் இடத்தைப் பிடிச்சார். சீசனோட ரெண்டாவது ஆட்டம், செப்டம்பர் 7, நார்மன்லயே, அலபாமாவோட. அன்னைக்கு வலது முழங்கால் ஏ.சி.எல்.

ரெண்டு தேதிக்கும் நடுவுல பத்தரை மாசம் கூட இல்லைங்க.

நான் இப்போ நாலாவது வாரத்துல இருக்கேன். காலை நேரா நீட்டிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, தொடைத் தசையை இறுக்கி, குதிகாலை ஒரு ஜாண் தூக்கணும். பார்க்க ஒண்ணுமே இல்லாத வேலை. முதல் வாரம் மூளை சொல்லுது, கால் கேட்கவே இல்லை. என் கால் தானான்னு சந்தேகமா இருந்தது. இந்த வேலையை ஒரு காலுக்குச் செஞ்சு முடிச்சு, அதுல ஜெயிச்சு வந்து நின்ன ரெண்டாவது வாரத்துல "அடுத்த காலுக்கும் முதல்ல இருந்து ஆரம்பி"ன்னு சொன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்? டிகிரியை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது.

அவர் போகலை. 2003-ல மறுபடி வந்தார். இப்போ ஓட முடியாது. ஓடி ஆடினவர், நின்னு ஆடறவரா மாறினார். காப்பு வீரர்கள் வளையம் கட்டி நிக்க, நடுவுல ஒரே இடத்துல நின்னு, வர்றவன் மேல வந்து விழற வரைக்கும் பொறுத்திருந்து எறியற ஆட்டம். அந்த சீசன்ல 3,846 கெஜம் எறிஞ்சார். 40 டச்டவுன், 10 தடவை மட்டும் பந்தை எதிராளிகிட்ட விட்டார். பரம எதிரி டெக்சஸை 65-13. டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 77-0 (ஸ்கோர் போடறவருக்கே கை வலிச்சிருக்கும்). வழக்கமான சீசன் பன்னிரண்டு ஆட்டமும் வெற்றி.

அதுக்கப்புறம் தான் சறுக்கல். டிசம்பர்ல பிரிவு இறுதி ஆட்டத்துல கன்சாஸ் ஸ்டேட்கிட்ட 35-7 தோல்வி. ஒரு வாரம் கழிச்சு ஹைஸ்மேன் கிடைச்சது. 2004 ஜனவரி 4, நியூ ஆர்லியன்ஸ்ல எல்.எஸ்.யூ.வோட சுகர் பவுல், அதுல ஜெயிச்சா தேசியப் பட்டம். எல்.எஸ்.யூ. கோச் நிக் சேபன். அவர் பையன்கள் ஒயிட்டை மூச்சு விடவே விடலை. நகர முடியாத குவாட்டர்பேக்னா எப்படி ஆடணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. 37 எறிஞ்சு 13 தான் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 102 கெஜம். 21-14 தோல்வி.

"அப்போ ஃபிட்ஸ்ஜெரால்டுக்குத் தானே கொடுத்திருக்கணும்?"னு இங்கே ஒரு கூட்டம் இன்னும் கேட்குது. பிட்ஸ்பர்க்ல ஆடின லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் தான் அந்த வருஷம் ஹைஸ்மேன்ல ரெண்டாவது. பந்து பிடிக்கறவர். அவர் அந்த சீசன் 1,672 கெஜம், 22 டச்டவுன். ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன், எனக்கு ஓட்டு இருந்திருந்தா நானும் ஒருவேளை அவருக்கே போட்டிருப்பேன். ஆனா அவங்க சொல்ற காரணம் அது இல்லையே. "ஃபிட்ஸ்ஜெரால்ட் என்.எஃப்.எல்.ல பெரிய ஆளா வந்தார், ஒயிட் வரலை"ங்கறாங்க. ஹைஸ்மேன் என்ன ஜாதகமா? அந்த வருஷம் கல்லூரி மைதானத்துல என்ன ஆடினார்ங்கறதுக்குக் கொடுத்தது. பின்னாடி என்ன ஆவார்னு பார்த்துக் கொடுத்தது இல்லை. ரஞ்சியில வருஷக்கணக்கா அடிச்சு, தமிழ்நாட்டுக்கு கேப்டனாவும் இருந்த ஸ்ரீதரன் சரத்துக்கு இந்தியத் தொப்பி கிடைக்கவே இல்லை. அதனால அவர் அடிச்ச சதம் எல்லாம் தப்பான சதம்னு சொல்லுவோமா?

ஒயிட்டுக்குக் காயத்தால வீணாப் போன வருஷங்களைக் கணக்குல எடுத்து ஆறாவது வருஷம் ஆட அனுமதி கொடுத்தாங்க. 2004-ல திரும்பி வந்தார். இன்னொரு 35 டச்டவுன். இன்னொரு பன்னிரண்டு வெற்றி. ஹைஸ்மேன்ல மூணாவது இடம். ரெண்டாவது இடத்துல அவர் அணியிலேயே இருந்த முதல் வருஷப் பையன் எட்ரியன் பீட்டர்சன், முதல் இடம் யூ.எஸ்.சி.யோட மேட் லைனார்ட். 2005 ஜனவரியில ஆரஞ்ச் பவுல். அதே யூ.எஸ்.சி. 55-19. படுதோல்வி. ஒயிட்டோட கடைசிக் கல்லூரி ஆட்டம் அது.

ரெண்டு சீசன், 27 ஆட்டம், 24 வெற்றி, 75 டச்டவுன். தோத்தது மூணு. மூணும் நாடே பார்த்துக்கிட்டு இருந்த ஆட்டம். மனுஷனுக்கு அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்கே.

அந்த ஏப்ரல்ல தான் டிராஃப்ட். இதுல ஒரு விஷயம், முதல் தடவை படிச்சப்போ ரெண்டு தடவை சரி பார்த்தேன். யூ.எஸ்.சி.யில லைனார்டுக்கு மாற்றா பெஞ்சுல உட்கார்ந்திருந்தவர் மேட் கேசல். கல்லூரியில ஒரு ஆட்டத்துல கூட குவாட்டர்பேக்கா தொடங்கினது இல்லை. மொத்தமா எறிஞ்சதே 33 பாஸ். அவரை நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ஏழாவது சுற்றுல 230-வது ஆளா எடுத்தாங்க. ஹைஸ்மேன் வாங்கினவரை யாரும் எடுக்கலை.

எடுத்தவங்க முட்டாள்கள் இல்லைங்க. 2008-ல டாம் பிராடி முழங்கால் போய் (மறுபடியும் முழங்கால்!) உட்கார்ந்தப்போ இதே கேசல் ஆடி அந்த அணி 11 ஆட்டம் ஜெயிச்சது. என்.எஃப்.எல். அணிகள் பார்த்தது ஒயிட் என்ன செஞ்சார்ங்கறதை இல்லை. இன்னும் அஞ்சு வருஷம் அந்தக் கால் தாங்குமாங்கறதை. வியாபாரம். தாங்காதுன்னு கணக்குப் போட்டாங்க, கணக்கு சரி தான். டென்னசி டைட்டன்ஸ் கூப்பிட்டுக் கொஞ்ச நாள் வெச்சுப் பார்த்தது. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, முழங்கால் ஒத்துழைக்கலைன்னு சொல்லிட்டு அவரே விலகிட்டார். வயசு 25.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

கல்லூரி ஆட்டக்காரங்களுக்கு ஏன் காசு கொடுக்கக் கூடாதுன்னு பல வருஷமா இங்கே சொல்லிக்கிட்டு வந்த காரணம் ரெண்டு. ஒண்ணு, அவங்க மாணவர்கள், படிப்பு இலவசம். ரெண்டாவது, யாரும் வெளிப்படையா எழுதி வைக்காதது, ஆனா எல்லாரும் மனசுக்குள்ள நினைச்சது: "நல்லா ஆடறவன் எப்படியும் என்.எஃப்.எல். போய்க் கோடி கோடியா சம்பாதிக்கப் போறான், இப்போ என்ன அவசரம்?"

ஜேசன் ஒயிட்டுக்கு அந்த 'அப்புறம்' வரவே இல்லை. அவரோட முழு ஆட்ட வாழ்க்கையும் கல்லூரியிலேயே முடிஞ்சு போச்சு. டிரெய்லர்னு நினைச்சு எல்லாரும் ஓசியில பார்த்தது தான் படமே. ரெண்டு முழங்காலும் வேலை செஞ்சது அந்த ஆறு வருஷத்துக்குத் தான். அந்த ஆறு வருஷத்துக்கு அவருக்குக் கிடைச்சது படிப்புச் செலவு, தங்கற இடம், சாப்பாடு, புத்தகம். அதே சமயம் அவர் கோச் ஸ்டூப்ஸோட சம்பளம் வருஷத்துக்கு 20 லட்சம் டாலருக்கு மேல. ஸ்டூப்ஸ் மேல எனக்குக் கோபம் இல்லை, வேலைக்கு வாங்கினார். சந்தையில கோச்சுக்கு விலை இருந்தது. பந்தை எறிஞ்சவருக்கு விலையே இருக்கக் கூடாதுன்னு விதி போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு சட்டையில கையெழுத்துப் போட்டு அவர் பத்து டாலருக்கு வித்திருந்தா ஆட்டத்துல இருந்தே தூக்கியிருப்பாங்க.

வீடியோ கேம் இன்னும் வேடிக்கை. இ.ஏ. கம்பெனி வருஷா வருஷம் போட்ட கல்லூரி கால்பந்து விளையாட்டுல எல்லா அணியும் இருக்கும், ஆளோட பேர் மட்டும் இருக்காது. ஒயிட் போட்டிருந்த எண் 18. விளையாட்டுல ஒக்லஹோமா அணியை எடுத்தா '18-ம் நம்பர் குவாட்டர்பேக்' வருவார், பேர் போடாம. பேர் போடலையாம், அதனால காசு தர வேண்டாமாம்! இதை எதிர்த்து 2009-ல சாம் கெல்லர்னு இன்னொரு குவாட்டர்பேக் கேஸ் போட்டு, 2014-ல ஆறு கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. நடுவுல அந்த கேமையே நிறுத்திட்டாங்க. 2024-ல தான் திரும்ப வந்தது, இந்தத் தடவை வீரர்களுக்குத் தலைக்கு 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்து, பேரோட.

'ஸ்டூடண்ட் அத்லெட்'ங்கற வார்த்தை எங்க இருந்து வந்ததுன்னு தேடினப்போ தான் எனக்கு நிஜமாவே வயித்தைப் பிசைஞ்சது. 1955-ல கொலராடோவுல ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்காக ஆடின ரே டென்னிசன், ஆட்டத்துல தலையில அடிபட்டு இறந்துட்டார். அவர் மனைவி, வேலை செய்யற இடத்துல இறந்தவங்க குடும்பத்துக்குக் கொடுக்கற நஷ்ட ஈடு கேட்டாங்க. ஃபுட்பால் ஆடறது கல்லூரியோட வியாபாரம் இல்லை, அதனால இது வேலை இல்லைன்னு சொல்லி 1957-ல மாநில உச்ச நீதிமன்றம் கொடுக்கலை. அந்தக் காலத்துல என்.சி.ஏ.ஏ. தலைமையில இருந்த வால்டர் பையர்ஸ், இந்த மாதிரி கேசுகள்ல இருந்து தப்பிக்கத் தான் 'ஸ்டூடண்ட் அத்லெட்'ங்கற வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தோம்னு 1995-ல புத்தகம் எழுதி அவரே ஒத்துக்கிட்டார். அடிபட்டவன் தொழிலாளின்னு ஆயிடக் கூடாது. அதுக்கு ஒரு அழகான பேர்.

நான் இங்கே டி.ஏ. வேலை பார்க்கறேன். வாரத்துக்கு இருபது மணி நேரம், இளநிலைப் பசங்க ஹோம்வொர்க் திருத்தறது. நானும் மாணவன் தான், எனக்கும் ஃபீஸ் கிடையாது. ஆனா மாசம் சம்பளம் வருது. வருஷக் கடைசியில வரி கட்ட டபிள்யூ-2 வருது. சட்டப்படி நான் ஊழியன். நான் திருத்தற அழகைப் பார்க்க 80,000 பேர் டிக்கெட் எடுத்து வர்றதில்லைங்கறதையும் இங்கே பதிவு செஞ்சுக்கறேன் :-)

ஆரஞ்ச் பவுல் கதைக்கு ஒரு பின்கதை இருக்கு. அந்த யூ.எஸ்.சி. அணியோட நட்சத்திர ஓட்டக்காரர் ரெஜி புஷ். அவரும் குடும்பமும் ஏஜெண்டுகள்கிட்ட காசும் வசதிகளும் வாங்கினாங்கன்னு 2010-ல தண்டனை கொடுத்தாங்க. 2005-க்கான ஹைஸ்மேனை அவர் திருப்பிக் கொடுத்தார். 2011-ல, ஒயிட்டைத் தோற்கடிச்சு வாங்கின அந்தத் தேசியப் பட்டத்தையே ரத்து செஞ்சாங்க. ஒக்லஹோமாவுக்கும் வரலை, யாருக்கும் இல்லைன்னு விட்டுட்டாங்க. அப்புறம் 2021 ஜூலையில வீரர்கள் தங்கள் பேரையும் படத்தையும் வெச்சு சம்பாதிக்கலாம்னு விதி மாறிச்சு. 2024 ஏப்ரல்ல புஷ்ஷுக்குக் கோப்பையைத் திரும்பவும் கொடுத்தாங்க. 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு சமரசம் நீதிமன்றத்துல நிறைவேறி, 2025-26-ல இருந்து ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரைக்கும் நேரடியா வீரர்களுக்கே பிரிச்சுக் கொடுக்கலாம்னு வந்தாச்சு. காசு வாங்கினது குத்தம்னு பட்டத்தைப் பிடுங்கினவங்க, இப்போ காசு கொடுக்க டிபார்ட்மென்ட் வெச்சிருக்காங்க.

அந்த சமரசத்துல பழைய வீரர்களுக்கும் பாக்கி கொடுக்கறாங்க, கிட்டத்தட்ட 280 கோடி டாலர். எந்த வருஷத்துல இருந்து ஆடினவங்களுக்கு? 2016. ஒயிட் ஆடி முடிச்சது 2005 ஜனவரி.

இப்போ இங்கே பெருசுங்க எல்லாம் ஒரே புலம்பல். காசு வந்து ஆட்டமே கெட்டுப் போச்சு, பசங்க வருஷத்துக்கு ஒரு யுனிவர்சிட்டி மாறறாங்க, விசுவாசமே இல்லைன்னு. மாறறாங்க, உண்மை தான். எனக்கும் பிடிக்கலை, போன வருஷம் பார்த்த முகம் இந்த வருஷம் இல்லை. ஆனா விசுவாசம்னு சொல்றவங்க கிட்ட எனக்கு ஒரு கேள்வி. ரெண்டு முழங்காலையும் ஒரே ஊருக்குக் கொடுத்துட்டு ஆறு வருஷம் இருந்தவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து என்ன விசுவாசம் வந்தது?

"சிலை வெச்சோமே" அப்படிங்கறான் என் லேப் நண்பன். இவனும் ஒக்லஹோமா தான். 2003-ல டெக்சஸை 65-13-ன்னு அடிச்சதை இவங்க அப்பா டல்லாஸ் போய் நேர்ல பார்த்தவராம். வீட்டுல இன்னும் டிக்கெட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்களாம். அவன் வாதத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அது லேசுப்பட்டது இல்லை. "உனக்கு எல்லாமே காசு. இந்த மாநிலத்துல அவர் எந்தக் கடைக்குள்ள போனாலும் எழுந்து நின்னு கை குடுப்பாங்க. ஹைஸ்மேன் வாங்கினவங்களுக்கு ஆயுசு முழுக்க அந்த விருதுக்கு ஓட்டுப் போடற உரிமை உண்டு, அது எந்த என்.எஃப்.எல். கோடீஸ்வரனுக்குக் கிடைக்கும்? அவரே தன்னைப் பாவம்னு நினைக்கலை, நீ யாருடா அவரைப் பாவம்ங்கறதுக்கு?"ங்கறான்.

கடைசிக் கேள்வி கொஞ்சம் உறைச்சது. ஒத்துக்கறேன். அவரைப் பரிதாபமா எழுத எனக்கு உரிமை இல்லை, எழுதவும் வரலை. பாதி பேர் ஒரு ஏ.சி.எல்.லோட நிறுத்திக்கிற இடத்துல ரெண்டைத் தாண்டி வந்து நாட்டுலயே சிறந்தவர்னு பேர் வாங்கினவர். அதுக்கு மேல சாதிக்க என்ன இருக்கு? ஆனா கை குடுக்கறதும் சம்பளமும் ஒண்ணு இல்லைடா. கை குடுத்ததுக்கு ஆஸ்பத்திரியில பில்லைக் கழிச்சுக்க மாட்டான். எனக்கு வந்த பில்லைப் பார்த்துட்டுத் தான் பேசறேன் (ஸ்டூடண்ட் இன்ஷூரன்ஸ் போக நான் கட்டினது இன்னும் ரெண்டு மாச வாடகை. போதும், இதுக்கு மேல பேசினா அழுதுடுவேன்).

இதுல நம்மள மாதிரி ஆட்களுக்கு ஒரு சேதியும் இருக்கு. எஃப்-1 விசாவுல வந்து இங்கே ஆடற வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர் இருக்காங்க, கூடைப்பந்து, டென்னிஸ், நீச்சல்னு. பக்கத்துல நிக்கிற அமெரிக்கப் பையன் விளம்பரத்துல நடிச்சுக் காசு வாங்கலாம், இவங்க அதையே செஞ்சா விசா போயிடுமோன்னு பயந்து ஒதுங்கி இருக்காங்க. ஒரே சட்டை, ஒரே மைதானம், ஒரே பயிற்சி. விடிஞ்சதுன்னு எல்லாரும் சொல்றப்போ இவங்க வீட்டு ஜன்னல் மட்டும் இன்னும் இருட்டு. இதைப் பத்தித் தனியா ஒரு பதிவே போடணும், கால் சரியாகட்டும்.

போன சனிக்கிழமை ஃபிசியோ முடிச்சுட்டு ஊன்றுகோலோட மெதுவா ஹைஸ்மேன் பார்க் பக்கம் போனேன். ஆட்டம் இல்லாத நாள், காத்து மட்டும் தான் (ஒக்லஹோமா காத்து, ஆளைத் தள்ளும்). ஒரு குடும்பம் வந்தது. சின்னப் பையன், ஏழு எட்டு வயசு இருக்கும், மேஃபீல்ட் சிலைக்கு ஓடினான், முர்ரே சிலைக்கு ஓடினான், போட்டோ எடுத்துக்கிட்டான். ஒயிட் சிலை கிட்ட வந்ததும் அப்பாகிட்ட "இவர் எந்த டீம்ல இருக்கார்?"னு கேட்டான்.

அந்த அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சார். அப்புறம், "இங்க தான்"னார்.

எனக்கு அடுத்த ஃபிசியோ வியாழக்கிழமை. படிக்கட்டு ஏற விடறேன்னு சொல்லியிருக்கார் பெரியவர். அம்மாகிட்ட யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க மக்களே.